கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு தூக்க முடியாத தோள்: அக்குபங்சர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்ப்புற்று, தொண்டைப் புற்று, தைராய்டு புற்று ஆகியவற்றுக்காகக் கழுத்தில் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள், சில வாரம் கழித்துக் கழுத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. "சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை", "பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை", "கொண்டை போடக் கை எழும்பவில்லை" என்பார்கள். அப்புறம் யாராவது ஒரு உறவினர் அக்குபங்சர் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்வார். அங்கிருந்து தொடங்கும் கேள்விகள்தான் கீழே இருக்கின்றன.

ஆபரேஷன் நடந்தது கழுத்தில். தோள் ஏன் வலிக்கிறது?

கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நரம்பு இறங்குகிறது. மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் 11ஆவது அது. டாக்டர்கள் ஸ்பைனல் அக்ஸசரி நரம்பு என்பார்கள். பின்கழுத்திலிருந்து தோள்வரை விரிந்து கிடக்கும் டிரபீசியஸ் என்ற பெரிய தசையை இயக்குவது இதுதான். புற்றணுக்கள் பரவக்கூடிய நெறிக்கட்டிகள் இந்த நரம்பை ஒட்டியே இருப்பதால், அவற்றை எடுக்கும்போது நரம்புக்கு ஏதாவது ஒரு சேதம் வந்துவிடுகிறது.

கையைத் தலைக்கு மேலே முழுதாகத் தூக்குவது தோள் மூட்டு மட்டும் செய்யும் வேலை அல்ல. 180 டிகிரி தூக்குகிறோம் என்றால் ஏறக்குறைய 120 டிகிரி மூட்டிலிருந்து வருகிறது, மீதி 60 டிகிரி முதுகில் இருக்கும் பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. அந்தப் பட்டை எலும்பைப் பிடித்துச் சுழற்றும் முக்கியத் தசை டிரபீசியஸ். அது சோர்ந்துவிட்டால் தோள் கீழே சரியும், பட்டை எலும்பு விலகி நிற்கும், கை பக்கவாட்டில் தோள் உயரம் வந்ததும் நின்றுவிடும். டிரபீசியஸ் செய்யாத வேலையைக் கழுத்தில் உள்ள சின்னத் தசைகள் இழுத்துப்போட்டுச் செய்வதால் அவையும் நாள் முழுக்க வலிக்கும்.

"நரம்பை வெட்டவில்லை, காப்பாற்றிவிட்டோம்" என்று சர்ஜன் சொன்னாரே?

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அமெரிக்க சர்ஜன் ஜார்ஜ் கிரைல் 1906இல் இந்த ஆபரேஷனை விரிவாக எழுதியபோது நெறிக்கட்டிகளோடு கழுத்தின் பெரிய தசை, பெரிய சிரை, இந்த நரம்பு எல்லாம் சேர்ந்தே போயின. அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ் போன்றவர்கள் 1960களில் நரம்பை விட்டுவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் வெட்டாமல் விட்டாலும், ஒதுக்கிப் பிடிக்கும்போது நரம்பு இழுபடும். அதற்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்கள் அறுபடும். இப்படி அதிர்ந்துபோன நரம்பு மீள மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, நரம்பு காக்கப்பட்டதா, எடுக்கப்பட்டதா என்று ஒரு தடவை பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் சர்ஜனிடமே கேளுங்கள். இந்த ஒரு வரி தெரியாமல் ஊசிக்கோ பிசியோவுக்கோ போவது, பூட்டைப் பார்க்காமல் சாவி தேடுகிற கதை.

பரிசோதனையில் கட்டி எதுவும் தெரியவில்லை. அப்படியிருந்தும் கழுத்தைத் திறந்தது எதற்கு?

கோபத்தோடு வரும் கேள்வி இது. கோபம் புரிகிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை வாய்ப்புற்று நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குப் பதில் உண்டு. கழுத்தில் எதுவும் தட்டுப்படாத ஆரம்ப நிலையிலேயே நெறிக்கட்டிகளை எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம். தோளில் ஒரு விலை கொடுத்திருக்கிறீர்கள். வாங்கியது சின்ன விஷயம் இல்லை.

இது ஃப்ரோசன் ஷோல்டர்தானே? பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே மாதிரி வந்தது.

ஃப்ரோசன் ஷோல்டர் என்றால் தோள் மூட்டே இறுகிப்போவது. ஆரம்பத்தில் இது அதுவல்ல. வீட்டிலேயே பார்த்துவிடலாம். நீங்களாகக் கையைத் தூக்கிப் பாருங்கள், பாதியில் நிற்கும். பிறகு கையைத் தளர்த்திக்கொண்டு வேறொருவரை மெதுவாகத் தாங்கித் தூக்கச் சொல்லுங்கள். மேலே போனால் மூட்டு நன்றாக இருக்கிறது, தசைக்குத்தான் பலம் இல்லை. அடுத்தவர் தூக்கினாலும் போகவில்லை என்றால் மூட்டும் இறுகத் தொடங்கிவிட்டது.

முதலாவது கவனிக்காமல் விடப்பட்டு இரண்டாவதாக மாறுவது சகஜம். வலிக்கிறதே என்று கையை மடியிலேயே வைத்திருந்தால் மூட்டைச் சுற்றிய உறை சுருங்கிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் இந்த இறுக்கம் இன்னும் எளிதில் வரும்.

சரி, இந்த வலிக்கு அக்குபங்சர் உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. எத்தனையோ வியாதிகளுக்கு அக்குபங்சர் நல்லது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. இந்தக் குறிப்பிட்ட பிரச்சினைக்கோ தனியாக ஒரு ஆய்வே நடந்திருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் டேவிட் ஃபிஸ்டர் தலைமையில் நடந்து, 2010இல் 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி'யில் வெளிவந்தது. கழுத்து நெறிக்கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு தோள் வலியோ அசைவுக் குறைவோ நீடித்த 58 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரம் ஊசி. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான பிசியோவும் வலி மாத்திரைகளும்.

தோளை அளக்க கான்ஸ்டன்ட்-மர்லி என்று 100 மதிப்பெண் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு. வலிக்கு 15, அன்றாட வேலைகளுக்கு 20, அசைவுக்கு 40, பலத்துக்கு 25. ஊசி போட்டுக்கொண்ட பிரிவு மற்றப் பிரிவைவிட ஏறக்குறைய 11 மதிப்பெண் அதிகம் தேறியது. வலியிலும் அசைவிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் ஊசிப் பிரிவில் 39 சதவீதம், மற்றதில் 7 சதவீதம்.

நல்ல முடிவுதான். கூடவே, 39 சதவீதம் என்றால் மீதி 61 சதவீதம் பேருக்கு அந்த அளவு முன்னேற்றம் கிடைக்கவில்லை என்பதையும் படிக்க வேண்டும். "நூற்றுக்கு நூறு குணம்" என்று பலகை வைத்திருப்பவரிடம் இந்த எண்ணை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

பலன் ஊசியால் வந்ததா, 'நமக்கு வைத்தியம் நடக்கிறது' என்ற நம்பிக்கையால் வந்ததா?

அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பொய் ஊசி (நிஜ ஊசி மாதிரி பாவனை மட்டும்) போட்ட மூன்றாவது பிரிவு எதுவும் அதில் இல்லை. ஊசி போட்டுக்கொள்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். 58 பேர் என்பதும் சின்னக் கூட்டம்.

இன்னொரு ஆய்வு இங்கே கவனிக்க வேண்டியது. கதிர்வீச்சு பெறுகிறவர்களின் வாய் வறட்சிக்கு உண்மை ஊசி, பொய் ஊசி இரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்காவிலும் சீனாவிலும் சேர்த்து நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். சீன நோயாளிகளிடம் பொய் ஊசி பெரிதாக எதுவும் செய்யவில்லை. அமெரிக்க நோயாளிகளிடம் அதுவே நன்றாக வேலை செய்தது! ஊசியைச் சுற்றியிருக்கும் எதிர்பார்ப்பு, பேச்சு, அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பது எல்லாமே மருந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வலி குறைந்தால், அது எந்தப் பங்கால் குறைந்தது என்ற கவலை நோயாளிக்கு வேண்டியதில்லை. காசு வாங்குகிறவர் வாயளக்கும்போது மட்டும் அது ஞாபகம் இருக்கட்டும்.

ஊசி குத்தினால் வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளருமா?

வளராது.

அப்படியானால் ஊசியால் என்னதான் நடக்கிறது?

வலி அடங்குகிறது, இறுகிப்போன கழுத்துத் தசைகள் கொஞ்சம் தளர்கின்றன. ஊசி குத்தும்போது உடலே சுரக்கும் வலி நிவாரணிகள் வெளிப்படுகின்றன என்பது ஆய்வுக்கூடங்களில் பார்த்த விஷயம். இதனால் கிடைப்பது, பயிற்சி செய்ய வலி விடும் ஒரு இடைவெளி. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் ஊசி போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டால், அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள்.

தசையைப் பலப்படுத்துவது பயிற்சி மட்டும்தான். கனடாவில் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதே நோயாளிகளுக்கு 12 வாரம் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தபோது தோள் வலியும் இயலாமையும் வழக்கமான பிசியோவைவிட அதிகமாகக் குறைந்தன. பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்துப் பிடிப்பது, குச்சியை இரண்டு கையாலும் பிடித்து நல்ல கையின் பலத்தில் தூக்குவது, பிறகு ரப்பர் பட்டை, பிறகு சின்ன டம்பெல் என்று அது போகும். எதிலிருந்து தொடங்குவது என்பதை உங்கள் பிசியோ பார்த்துச் சொல்லட்டும். டிரபீசியஸ் துளியும் வேலை செய்யாத நிலையில் கயிறும் கப்பியும் கட்டிக் கையைத் தலைக்கு மேல் இழுத்தால், மூட்டுக்குள் தசைநார் நசுங்கி வலி கூடிவிடும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உதவும். உட்காரும்போது முழங்கைக்கு அடியில் தலையணை வையுங்கள். நடக்கும்போது கட்டைவிரலைப் பாக்கெட்டிலோ இடுப்புப் பட்டியிலோ மாட்டிக்கொள்ளுங்கள், தொங்கும் கையின் எடை குறையும். காய்கறிப் பையையும் தண்ணீர்க் குடத்தையும் அந்தப் பக்கம் தூக்காதீர்கள். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் வேண்டாம்.

எங்கே குத்துவார்கள்? வலிக்குமா?

தோளில் மட்டும் என்று நினைத்துப் போனால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த நியூயார்க் ஆய்விலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை, உச்சந்தலை, காது என்று தூரத்துப் புள்ளிகள் இருந்தன. அவற்றோடு, தொட்டால் வலிக்கிற சில இடங்களும். கை காலில் போடும் ஊசி கழுத்துக்கு எப்படி உதவும் என்பதற்குச் சீன வைத்தியம் ஒரு விளக்கம் சொல்கிறது, நவீன மருத்துவம் வேறொன்று சொல்கிறது. எனக்கு இதில் பிடித்தது வேறு: ஆபரேஷன் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாமல் சிகிச்சை செய்ய வழியிருக்கிறது.

ஊசி தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். தடுப்பூசி ஊசியோடு ஒப்பிடவே முடியாது. உள்ளே எந்த மருந்தும் போகாது. குத்தும் நொடியில் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பிறகு ஒரு கனம், மரமரப்பு. 20 முதல் 30 நிமிடம் விட்டு எடுப்பார்கள். சிலர் ஊசியில் லேசான மின்சாரம் கொடுப்பார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது.

ஆபத்து இருக்கிறதா?

பொதுவாகக் குறைவு. லேசான ரத்தக் கசிவு, நீலம் பாய்தல், வெறும் வயிற்றில் போனால் தலைசுற்றல் என்று சொல்லலாம். ஆனால் உங்கள் கழுத்து இப்போது பொதுவான கழுத்து இல்லை.

முதல் விஷயம் நுரையீரல். அதன் நுனி காறை எலும்புக்கு மேலேயும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். தோளின் மேல்மேட்டில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்து காற்று புகலாம். அக்குபங்சரில் பதிவான மோசமான விபத்துகளில் இது முக்கியமானது. டிரபீசியஸ் மெலிந்துபோனவருக்கு அங்கே சதைப்பற்று குறைவு, ஆகவே ஊசிக்கும் நுரையீரலுக்கும் இடையே தூரமும் குறைவு. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கையில் நெஞ்சு குத்தினால், காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய். கழுத்தின் பெரிய தசையை எடுத்துவிட்டவர்களுக்கு அதன் மேல் தோல் மட்டும்தான் மூடி. நெஞ்சுச் சதையை எடுத்து வைத்துத் தைத்த இடம், கதிர்வீச்சு பட்டுத் தடித்த தோல், மூச்சுக்குழல் துளைக்குப் பக்கம், வீங்கிய இடம் ஆகியவற்றிலும் ஊசி வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, கீமோவால் வெள்ளை அணுக்களோ தட்டணுக்களோ குறைந்திருக்கின்றனவா என்பதை அவர் கேட்கும் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்கவே இல்லை என்றால் அதுவும் அவரைப் பற்றி ஒரு தகவல்தான்.

கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போதே ஆரம்பிக்கலாமா?

தோளுக்காக என்றால் அவசரம் இல்லை. நியூயார்க் ஆய்வில் சேர்த்தவர்கள் எல்லோரும் ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து குறைந்தது மூன்று மாதம் ஆனவர்கள். அதுவரை பிசியோ சொல்லும் மென்மையான அசைவுகளை விடாமல் செய்யுங்கள். அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் ஊசியே இல்லாமல் ஒரு விரலால் தொட்டே குணமாக்குகிறார். மாத்திரைகளை எல்லாம் நிறுத்தச் சொல்கிறார்.

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற ஒரே பலகைக்குக் கீழே பல வகை நடக்கிறது. பல ஊசி போடுகிறவர்கள், ஒற்றை ஊசிக்காரர்கள், நாடி பார்த்துத் தொட்டுவிட்டு அனுப்புகிறவர்கள். மேலே சொன்ன ஆய்வில் சோதித்தது ஊசியை. தொடுதலுக்கு அந்த முடிவைக் கடன் வாங்க முடியாது.

தொடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வதுதான் கெடுதல். தைராய்டு சுரப்பியையே எடுத்தவர் தைராக்சினை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "ஸ்கேன் வேண்டாம், செக்கப் வேண்டாம், உடம்பே சரிசெய்துகொள்ளும்" என்று ஒருவர் சொன்னால் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஆய்வு நடத்தியவர்களே புற்றுநோய் மருத்துவமனைக்காரர்கள். அங்கே ஊசி, சிகிச்சைக்குப் பதிலாக அல்ல, அதனோடு சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது.

அப்படியென்றால் யாரிடம் போவது?

மத்திய அரசு 2019இல் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. அதற்காகப் பலகை வைத்தவர் எல்லோரும் ஒரே படிப்பு படித்தவர் என்று ஆகிவிடாது. யோகா, இயற்கை மருத்துவம் படித்த பி.என்.ஒய்.எஸ். மருத்துவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே அக்குபங்சர் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். முடித்துத் தனியாகக் கற்றவர்களும் உண்டு. என் அளவுகோல் பட்டத்தைவிட எளிமையானது: உங்கள் ஆபரேஷன் சம்மரியைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாரா? சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு தோளையும் பின்னாலிருந்து பார்க்கிறாரா? ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்கிறாரா? ஆம் என்றால் உட்காருங்கள்.

இந்தியாவுக்கு அக்குபங்சர் வந்த கதையும் சுவாரசியமானது. 1938இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸையும் சேர்த்து ஐந்து பேர், அவர்களில் ஒருவர் பெஜய் குமார் பாசு. அவர்தான் 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் இதைக் கற்றுக்கொண்டு கொல்கத்தாவில் தொடங்கினார். அவர் எம்.பி.பி.எஸ். டாக்டர். இங்கே அது முதலில் வந்ததே நவீன மருத்துவம் படித்தவர் கையால்தான்.

எண்ணெய் தேய்த்து உருவலாமா? சுளுக்கு எடுக்கலாமா? ஒத்தடம்?

சுளுக்கு எடுப்பது கூடவே கூடாது. கழுத்தை வெடுக்கென்று திருப்புவதற்கும், ரத்தக் குழாய் ஓடும் பக்கத்தை அழுத்தி உருவுவதற்கும் இது இடம் இல்லை. முதுகிலும் மேற்கையிலும் லேசாகத் தேய்க்கலாம்.

ஒத்தடத்தில்தான் பலர் சுட்டுக்கொள்கிறார்கள். ஆபரேஷனில் தோல் நரம்புகளும் அறுபடுவதால் காது மடல், தாடைக்குக் கீழ், காறை எலும்பு வரை மரத்துப்போயிருக்கும். உப்பு மூட்டையோ வெந்நீர்ப் பையோ கொப்புளம் போடும் வரை சூடு தெரியாது. நல்ல பக்கத்துத் தோலில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். மரத்த இடத்தில் ஷேவ் செய்யும்போதும் அப்படித்தான், கண்ணாடி பார்த்துச் செய்ய வேண்டும்.

எனக்குப் புற்றுநோய் இல்லை. காசநோயா என்று பார்க்க ஒரு நெறிக்கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். அதிலிருந்து தோள் சரிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் அவசரப்படுத்தும் ஆள் நீங்கள்தான். கழுத்தின் பின்பக்கவாட்டில் இந்த நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. சின்னக் கீறல்தான், மரக்கச் செய்து பத்து நிமிடத்தில் முடிந்தது என்ற ஆபரேஷனிலும் அது அறுபடலாம். அப்படி அறுபட்டிருந்தால் தைத்து இணைக்க முடியும், ஆனால் முதல் சில மாதங்களுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். நாள் கடந்தால் தசை மெலிந்து, நரம்பு வந்தும் பயனில்லாமல் போகும். முதலில் நரம்புப் பரிசோதனை செய்து, நரம்பு அறுவை தெரிந்த பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். ஊசியில் மூன்று மாதம், எண்ணெயில் மூன்று மாதம் என்று கழித்துவிட்டு அவரிடம் போகாதீர்கள்.

கழுத்து டிஸ்க் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. அது தண்டுவடம் சார்ந்தது. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கை தூக்க முடியாமல் போனால், கழுத்தின் ஐந்தாவது நரம்பு வேர் பாதிக்கப்பட்டுத் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை சோர்ந்திருக்கலாம். ஆபரேஷன் செய்தவரிடமே உடனே காட்டுங்கள்.

எத்தனை முறை போட்டுப் பார்க்கலாம்?

ஆய்வில் நான்கு. நானும் நான்கோடு ஒரு கணக்குப் போடச் சொல்வேன். முதல் நாளே சுவர் ஓரமாக நின்று கை எட்டும் உயரத்தைப் பென்சிலால் குறித்து, தேதி போடுங்கள். வலிக்கு 10க்கு எத்தனை என்று காலண்டரில் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்துக் கோடு மேலே போயிருந்தால் தொடரலாம். கோடு அங்கேயே இருந்தால், "இன்னும் இருபது முறை வந்தால் சரியாகும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

இன்னொன்று: பல மாதம் அமைதியாக இருந்த தோளில் புதிதாக வலி கிளம்பினாலோ, இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ, கழுத்தில் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, ஊசி வேண்டாம். புற்றுநோய் டாக்டர் முதலில் பார்க்கட்டும்.

முதல் நாள் எப்படிப் போவது?

லேசாகச் சாப்பிட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைச் சீட்டும் எடுத்துக்கொண்டு, முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டையில். போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைத்துக்கொள்ளுங்கள், கழற்றும்போது கடைசியில்.